பதினாலாம் தலைமுறைக்கு ஒரு தகப்பன்

மகளின் கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது கோயில் ஐயர் ஒரு படிவம் தந்தார். பெண் பக்கத்திலும் மாப்பிள்ளை பக்கத்திலும் மூன்று தலைமுறை ஆண்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். தாரை வார்க்கும் நேரத்தில் இன்னாரின் பூட்டப்பிள்ளை, இன்னாரின் பேரப்பிள்ளை, இன்னாரின் பிள்ளை என்று மைக்கில் மூன்று தரம் சொல்லுவார். அப்பாவின் பெயர் எனக்குத் தெரியும். அப்பப்பாவின் பெயரும் தெரியும், அண்ணைக்கு அதையேதான் வைத்திருந்தார்கள். அதற்கு மேலே ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பது வரைக்கும் என் அறிவுக்கு எட்டியது. பெயர் எட்டவில்லை.

ரொறன்ரோவில் இருக்கிற பெரியப்பாவின் மகனுக்குப் போன் எடுத்தேன். அவர் ஒரு பெயர் சொன்னார். பாரிஸில் இருக்கிற மாமிக்கு எடுத்தேன். அவ வேறொரு பெயர் சொன்னா. இரண்டு பேரும் தாங்கள் சொன்னதுதான் சரி என்று அடித்துச் சொன்னார்கள். காணி உறுதியில் பார்க்கலாம் என்றால் அது இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ போய்விட்டது. அடுத்த நாள் ஐயர் படிவத்தைக் கேட்டபோது, மைக்கில் கேட்க எது எடுப்பாக இருக்கும் என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து ஒன்றை எழுதினேன். என் பூட்டன் அப்படித்தான் தெரிவானார்.

மாப்பிள்ளை வெள்ளைக்காரர். அவருடைய தகப்பன், அதாவது என் சம்பந்தி, படிவம் என்றதும் ஒரு நீளச் சுருளைக் கையோடு எடுத்துக்கொண்டு நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கின் கோயிலுக்கே வந்துவிட்டார். தன்னால் பதினாலு தலைமுறை தர முடியும், ஐயருக்கு எத்தனைக்கு நேரமிருக்கும் என்று கேட்கச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். ஐயர் சுருளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, மூண்டு காணும். பிறகு சனம் சாப்பிட வேணும்."

பெண் பக்கத்தில் மூன்றுக்கே மூச்சு வாங்கியதை நான் சம்பந்திக்குச் சொல்லவில்லை.

சம்பந்தி கவுன்சிலில் முப்பது வருஷத்துக்கு மேல் கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் கீறினவர். எந்த வீதிக்குக் கீழே எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது, எந்தக் காலத்தில் போட்டது என்று தேடுவதுதான் வேலை. ஓய்வு எடுத்த பிறகு நிலத்துக்குக் கீழே ஆட்களைத் தேடத் தொடங்கினார். மனைவி காலமாகிவிட்டார். ரொம்ஃபோர்டில் அவருடைய வீட்டின் பின்னறை முழுக்கப் பெட்டிகள். கலியாணத்துக்குப் பிறகு நான் சனிக்கிழமைகளில் அங்கே போகத் தொடங்கினேன். பாடசாலைகளுக்குச் சாப்பாடு அனுப்புகிற ஒரு சமையல் கூடத்தில் நான் ஸ்டோர் கீப்பர். கிழமை முழுக்கக் காலாவதித் திகதிகளைப் பார்க்கிற ஒருவனுக்கு, நானூற்றைம்பது வருஷம் கழித்தும் கெட்டுப்போகாத மனிதர்கள் ஒரு ஆறுதல்.

என் மகளிடம் கேட்டுப் படித்து அவர் என்னைச் "சம்பந்தி" என்றே கூப்பிடுவார். அந்தச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். அவருடைய கண்ணில் நடுப்பார்வை தேய்ந்துகொண்டு போகிற வருத்தம் இருந்தது. ஓரங்கள் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. முதல் தடவை அதைப் பற்றிக் கேட்டபோது, "சம்பந்தி, உங்களுடைய இரண்டு காதும் நன்றாகத் தெரிகிறது. நடுவில் இருப்பது மட்டும்தான் இல்லை," என்றார். நடுவில் இருப்பது பெரிய நட்டமில்லை என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். அதிலிருந்துதான் சிநேகிதமானோம்.

வாசிக்கிற பார்வை இன்னும் ஒரு வெயில் காலத்துக்குத்தான் தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வெயில் காலத்துக்கு அவரிடம் ஒரேயொரு வேலை மிச்சமிருந்தது.

ஆறு தரம் கலியாணம் கட்டின ராஜாவின் காலத்தில்தான் இங்கே வேதக் கோயில்களில் ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாவற்றையும் ஏட்டில் எழுதச் சொன்னார்களாம். அந்த ராஜாவின் மகள் ராணியாக இருந்த காலத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் ஒரு ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. அதுதான் சம்பந்தியின் பதினாலாவது ஆள். குழந்தையின் பெயர் இருக்கிறது, குடும்பப் பெயர் இருக்கிறது. "இன்னாரின் மகன்" என்று வருகிற இடத்தில் ஈரம் ஊறி ஏடு இற்றுப் போயிருக்கிறது. அந்தக் குடும்பப் பெயரோடு அந்த ஊரில் அப்போது இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் காணி பூமியும் ஆடுகளும் வைத்திருந்தவர், பெரிய மரண சாசனம் எழுதியவர். மற்றவர் கூலிக்காரர். தன் வளவுக்கு முன்னாலிருந்த வாய்க்காலைத் துப்புரவாக்காததற்காகத் தண்டம் கட்டினார் என்று ஒரேயொரு வரி அவரைப் பற்றி இருந்தது.

சம்பந்திக்கு உள்ளூர வாய்க்கால்காரர் மேலேதான் விருப்பம் என்று எனக்குத் தோன்றும். முப்பது வருஷம் வாய்க்காலோடு பிழைத்தவர் அல்லவா. ஆனால் விருப்பத்தை வைத்து அவர் ஒன்றையும் எழுத மாட்டார். பதினொரு வருஷமாக அந்த இடத்தைப் பென்சிலால் ஒரு சின்னக் கட்டம் போட்டு வெறுமையாக வைத்திருந்தார். அந்த ஊர்ப் பண்ணையின் பழைய வழக்கேடு ஒன்று ஆவணக் காப்பகத்தில் இருந்தது. யாருடைய பன்றி யாருடைய வயலில் புகுந்தது, யார் செத்து யாருடைய மகனுக்குக் காணி போனது எல்லாம் அதில் வரும். அதன் படங்களை எடுப்பித்து ஒரு கட்டாக வைத்திருந்தார். அவ்வளவும் லத்தீன், அந்தக் காலத்துச் சுருள் கையெழுத்து. அதை வாசிக்க அவருக்குத் தெரியும். வெயில் காலத்தை அதற்கென்றே ஒதுக்கியிருந்தார்.

அப்போது என் மகள் பிள்ளைத்தாய்ச்சி. பிறக்கிற பிள்ளைக்குக் கொடுக்க வம்சத்தை ஒரு புத்தகமாகக் கீறி முடிக்க வேண்டும், அந்தக் கட்டம் நிரம்ப வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் ஆட்டுக்காரரின் மரண சாசனத்தை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் ஆட்டுக்காரரின் தகப்பனுடைய பெயர் வந்தது. ஞானஸ்நானக் குழந்தையின் பெயரும் அதுவேதான். நான் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, இதிலே தேட இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் மூத்த ஆண் பிள்ளைக்கு அப்பப்பாவின் பெயர்தான் வைப்பார்கள். என் அண்ணைக்கும் அப்படி வைத்ததால், மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா தான் பெற்ற பிள்ளையை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடிக்கத் துரத்தும்போதுகூட "டேய் பெரியவன்" என்றுதான் துரத்துவா. இதையெல்லாம் நான் அபிநயத்தோடு சொன்னேன். ஆகவே குழந்தையின் பெயர் ஆட்டுக்காரரின் தகப்பன் பெயர் என்றால், குழந்தையின் தகப்பன் ஆட்டுக்காரர். முடிந்தது கதை.

சம்பந்தி மரண சாசனத்தை மேசையில் வைத்தார். பிறகு, "பதினொரு வருஷத்தில் இதுதான் புதிதாக நான் கேட்கிற முதல் நியாயம்," என்றார்.

மூன்றாவது தலைமுறையே தெரியாத ஒருவனுக்கு இப்படியொரு பாராட்டு கிடைத்தால் என்ன ஆகும்? ரயிலில் வரும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவ வெங்காயம் உரித்துக்கொண்டு, "அப்ப இனிச் சனிக்கிழமையில வீட்டில நிப்பியளோ?" என்று மட்டும் கேட்டா.

அடுத்த கிழமை கட்டத்துக்குள் ஆட்டுக்காரரின் பெயர் மையால் ஏறியது. வழக்கேட்டுப் படக்கட்டு மாடிப்படிக்குக் கீழே, தூசு உறிஞ்சிக்குப் பக்கத்தில் போய்விட்டது. அந்த வெயில் காலம் முழுக்கச் சம்பந்தி புத்தகம் கீறினார். குழாய் கீறின கை. மரத்தின் கிளைகள் எல்லாம் பிரதான குழாயும் கிளைக் குழாயும் மாதிரி, ஒரு முடிச்சுப் பிசகாமல் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் எழுத்து பெரிதாகிக்கொண்டு போனதை நான் கவனித்தேன். அழகுக்கு என்று நினைத்தேன். கண்ணுக்கு என்று நினைக்கவில்லை.

பேரன் பிறந்தான். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து எங்கள் வீட்டில் எல்லாரும் இருந்தபோது சம்பந்தி புத்தகத்தைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஆட்டுக்காரரின் தகப்பன் பெயரையே நடுப்பெயராகப் பிள்ளைக்கு வைத்திருக்கிறோம் என்று மாப்பிள்ளை அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் கூடுதலாகவே. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எங்கள் பக்கமும் இருந்தது. மூன்று வரி. மேலே, மைக்குக்காக நான் தெரிந்தெடுத்த பூட்டன்.

இலை உதிர்கிற காலத்தில் ஈஸ்ட் ஹாம் பக்கத்து நூலகம் ஒன்றில் பழைய கோயில் ஏடுகளைப் பற்றிப் பேச்சு என்று ஒரு அறிவித்தல் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு நியாயம் இருந்தது, அதைச் சொல்ல ஆட்கள் வேண்டும். மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பேசின பெண் கேள்விக்கு நேரம் விட்டதும் நான் எழும்பி, பெயரை வைத்து அப்பப்பாவைக் கண்டுபிடிக்கும் என் முறையை விளக்கினேன். அவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். உங்கள் ஊரில் அப்படியா, அழகான வழக்கம் என்றார். அந்தக் காலத்தில் இங்கே குழந்தைக்குப் பெயர் சொன்னது பெரும்பாலும் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கிற ஞானத் தகப்பன்தான், அதுவும் பல தரம் தன்னுடைய பெயரையே சொல்லிவிடுவார், ஆகவே பெயரை வைத்துத் தகப்பனைத் தீர்மானிக்கவே முடியாது என்றார். அந்த ஊரில் அந்தப் பெயரோடு இன்னும் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்றும் கேட்டார். சம்பந்தியின் பெட்டிகளில் நான் பார்த்த அளவுக்கு, பாதி ஊருக்கு அந்தப் பெயர்தான். நன்றி சொல்லிவிட்டு இருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த முதியவர் எனக்கு ஒரு பிஸ்கட் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இந்தத் தடவை வெங்காயம் இல்லை, அவ கையைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டா.

"தன்ர பூட்டன் ஆரெண்டு தெரியாத மனிசன், வெள்ளைக்காரன்ர பூட்டனுக்குத் தேப்பன் பிடிக்கப் போயிருக்கிறியள்."

"இப்ப சொல்லுறதோ விடுறதோ எண்டுதான் யோசிக்கிறன்."

"சொல்லத்தான் வேணும். சொல்லாமல் விட்டா ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தாளின்ர முகத்தைப் பாக்க வேணும். அவருக்குப் பரவாயில்லை, அவருக்கு உங்கட முகம் தெரியாது."

பிறகு, "ஓம், ஆனா அந்தப் படக்கட்டை இனி அவருக்கு வாசிக்கேலாதெல்லோ," என்றா.

அது எனக்கு ரயிலில் வரும்போதே தெரிந்திருந்தது. பெயர் பிழையாகிப் போனது பெரிய காரியமில்லை, மையை அழிக்கலாம். வெயில் காலத்தை என்ன செய்து அழிப்பது? அவருக்கு மிச்சமிருந்த பார்வையை எடுத்து நான் ஒரு பகிடிக்குச் செலவழித்திருந்தேன். மழை தொடங்கிய கையோடு அவருக்குப் பத்திரிகைத் தலைப்புகள்கூட மறைந்துவிட்டன. பால் போத்தலின் மூடி நிறத்தை வைத்துத்தான் பாலைக் கண்டுபிடித்தார்.

அடுத்த சனிக்கிழமை போனேன். வழியில் நாலைந்து முன்னுரைகள் தயாரித்தேன், எல்லாவற்றிலும் ஒரு பகிடி இருந்தது. கதவு திறந்ததும் ஒன்றும் வரவில்லை. கதிரையில் இருந்து, நூலகத்தில் கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குப் பழக்கமான இடம், ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் என் காதைப் பார்த்தார்.

"ஞானத் தகப்பன் விஷயம் எனக்கும் தெரியும், சம்பந்தி. இந்த வேலையில் முதலாம் வருஷமே படிக்கிற விஷயம் அது."

"பிறகு ஏன் எழுதினீர்கள்?"

"நீங்கள் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள். அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கும் களைத்துப் போயிருந்தது. ஒரு மத்தியானத்துக்கு மறந்துவிடலாம் என்று நினைத்தேன். அது வெயில் காலம் முழுக்கப் போய்விட்டது."

தேத்தண்ணீர் போட நான் எழும்பினேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கவில்லை. தனக்குத் தெரிந்ததை மறக்க அவருக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அந்தச் சாட்டைச் சரியாக அபிநயத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

நான் கோப்பைகளோடு திரும்பியபோது அவர் மாடிப்படிக்குக் கீழே முழங்காலில் இருந்தார். தூசு உறிஞ்சியை வெளியே இழுத்து வைத்துவிட்டுப் படக்கட்டைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

வேறு வழிகளையும் பார்த்தோம். மாப்பிள்ளை கணினித் திரையில் எழுத்தை உள்ளங்கை அளவுக்குப் பெருப்பித்துக் காட்டினார். பெருப்பிக்கப் பெருப்பிக்க நடுவில் இருந்த புள்ளி அதை விழுங்கியது. போனில் ஒரு செயலி பழைய கையெழுத்தை வாசிக்குமாம். அது ஒரு பன்றியை ஆயர் என்று வாசித்தது. படங்களும் அரைவாசி மங்கல் என்றார் மாப்பிள்ளை, செயலியைக் குறை சொல்லவும் ஏலாது. இப்படியான ஏடுகளை வாசித்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்ப்போமா என்றேன். சம்பந்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பதினொரு வருஷம் வாசலில் நின்றவன், உள்ளே போகிற நேரத்தில் இன்னொருவரை அனுப்பிவிட்டுத் திரும்புவதா என்று கேட்டார். நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்துதான் இவ்வளவும் வந்தது.

ஆகவே இப்போது நிலைமை இதுதான். எழுத்து தெரிந்தவருக்குக் கண் தெரியாது. கண் தெரிகிற எனக்கு அந்த எழுத்து தெரியாது.

முதலில் நான் வாயால் விவரித்தேன். "மேலே ஒரு கொம்பு, கீழே வால், வால் இடப்பக்கம் சுழிக்கிறது." கொம்பும் வாலும் கேட்டுக் கேட்டு அவர் மாட்டுக் கொட்டிலில் இருப்பதுபோல் உணர்வதாகச் சொன்னார். சில எழுத்துகள் அச்சாக எங்கள் "ல" மாதிரியும் "ஐ" மாதிரியும் இருந்தன, ஆனால் அதைச் சொல்லி அவருக்கு என்ன பிரயோசனம்? பிறகு அவராகவே கையை மேசையில் மல்லாத்தி வைத்தார். நான் படத்தைப் பார்த்து, அவருடைய உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாகக் கீறினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இது எஸ். நீளமான எஸ். அடுத்தது," என்றார். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு வரி முடிந்தது. ஒரு விதவையின் வாத்துகள் பொதுக் குளத்தைக் கலக்கியிருக்கின்றன.

அன்று வீட்டுக்கு வந்து, மகள் எங்களிடம் விட்டிருந்த பேரனின் புத்தகத்தை எடுத்தேன். ஸ்டோரில் ஒரு சாமானில் ஐமிச்சம் வந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவோம். எறிவதில்லை, வெளியே கொடுப்பதுமில்லை. ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் நிறுத்தி வைக்கிறோம் என்று அர்த்தம். ஒன்றை ஆட்டுக்காரரின் பெயருக்கு மேலே ஒட்டினேன். மனைவி தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றா. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எங்கள் பூட்டனைக் காட்டி, "இவருக்கு?" என்று கேட்டா. இவருக்கும் ஒன்று ஒட்டினேன். பேரனின் நடுப்பெயருக்கு ஒட்ட ஏலாது. அது பிறப்புச் சான்றிதழில் ஏறிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை இப்போது திரும்பியும் பார்க்கிறான்.

இந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் இதுதான் வேலை. பன்றி, வேலி, வாத்து, நிறை குறைந்த பாண். ஊருக்குள் யார் யாரோடு கோபம் என்பது எனக்கு மனோர் பார்க்கை விட அங்கேதான் நன்றாகத் தெரியும். படக்கட்டில் கரைந்தது இன்னும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இல்லை. இந்த வேகத்தில் போனால் என் பேரன்தான் ஓய்வெடுத்த பிறகு முடித்து வைக்க வேண்டும். சம்பந்தியின் ஓரப்பார்வையும் குறைகிறது. போன மாதம் என் இடது காதைக் காணவில்லை என்றார்.

போன சனிக்கிழமை ஒரு வரியின் நடுவில் சம்பந்தியின் கை விறைத்தது. நான் என்ன கீறினேன் என்று எனக்குத் தெரியாது, கீறிக்கொண்டுதான் இருந்தேன். அது அவருடைய குடும்பப் பெயர். அடுத்த சொல் வாய்க்கால். கூலிக்காரர் மறுபடியும் வாய்க்காலைத் துப்புரவாக்கவில்லை. அதற்கடுத்தது, அவரும் அவருடைய மகனும் என்றார் சம்பந்தி. மகனின் பெயரைக் கீறச் சொன்னார்.

முதலெழுத்தைக் கீறினேன். அவர் தலையை ஆட்டினார், ஞானஸ்நானக் குழந்தையின் பெயரோடு அது பொருந்தியது. இரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேல்கோடுதான் இருந்தது. அந்தக் காலத்து எழுத்தர்கள் பெயரை முழுக்க எழுதாமல் ஒரு கோட்டை இழுத்துச் சுருக்கி விடுவார்களாம். அந்த முதலெழுத்தில் தொடங்குகிற பெயர்கள் அந்த ஊரில் இரண்டு புழங்கின. கோடு நேராக இருந்தால் ஒன்று, நுனியில் சின்ன வளைவு இருந்தால் மற்றது, அந்தக் குழந்தையின் பெயர். வளைவு இருக்கிறதா என்று கேட்டார்.

படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். என் வாசிப்புக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கோட்டின் நுனியில் ஏதோ இருந்தது. வளைவாக இருக்கலாம். தாளின் மடிப்பாக இருக்கலாம். நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தி ஏட்டில் பறந்து வந்து குந்தின ஒரு இலையானின் வேலையாகவும் இருக்கலாம். இருக்கிறது என்று சொன்னால் அவருடைய முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். ஒரு தரம் அப்படி மாற்றிப் பார்த்தவன்.

"எனக்குத் தெரியவில்லை, சம்பந்தி," என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.

"பரவாயில்லை. திரும்பக் கீறுங்கள்."

திரும்பக் கீறினேன். முதல் தரம் கீறின மாதிரி எனக்கு வரவில்லை.

"திரும்ப," என்றார்.